கறவை மெஷினின் வேக்குவம் வால்வு தேய்ந்தால் லேத்தில் செய்து போடலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் கடலுக்கு அருகில் ஐந்து கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். ஒரு வாளி கறவை மெஷின். வேக்குவத்தை, அதாவது பாலை உறிஞ்சும் விசையை, கட்டுப்படுத்தும் ஸ்பிரிங் வால்வு தேய்ந்துபோய், கேஜ் முள் 35-க்கும் 50 கிலோபாஸ்கலுக்கும் நடுவே ஆடுகிறது. அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். வால்வின் வாஷருக்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன், ரெண்டு நாள்கூடத் தாங்கவில்லை. லேத்தில் செய்து போடலாமா, முழுசாக மாற்ற வேண்டுமா?

பதில்: செய்து போடலாம் அம்மா. ஆனால் வால்வு சரியாகும் வரை மெஷினை மாட்டில் மாட்டாதீர்கள், கையால் கறந்துகொள்ளுங்கள். வேக்குவம் கூடினால் காம்பு நுனி புண்ணாகும், குறைந்தால் கப் நழுவும். நழுவும்போது உள்ளே பாயும் காற்று, பால் துளிகளைக் காம்புத் துளைக்குள்ளேயே திருப்பி அடிக்கும். மடிநோய்க்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

முதலில் குறை வால்வில்தானா என்று பாருங்கள். காம்பை மாறி மாறி அழுத்தித் தளர்த்தும் பல்சேட்டரின் துடிப்புக்கு ஏற்ப முள் லேசாக அசைவது இயல்பு. எனவே கறவைக் கப் பக்கம் போகும் குழாயை அடைத்துவிட்டுப் பம்பை மட்டும் ஓட்டுங்கள். முள் ஏறிக்கொண்டிருக்கும்போதே வால்வில் காற்று நுழையும் துளை அருகே ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள். செட் செய்த அளவை எட்டும் முன்பே தாள் உள்ளே இழுபட்டால் சீட், அதாவது வால்வின் கூம்பு உட்கார்ந்து அடைக்கும் விளிம்பு, கசிகிறது. தாள் அசையாமல், முள்ளும் மேலே ஏறாமல் நின்றால் பழி வால்வுடையது அல்ல. ரப்பர் குழாய் வெடிப்பு, வாளி மூடி கேஸ்கெட், பம்புக்குள் சுழலும் வேன் தகடுகள் என்று தேடிப் போக வேண்டும்.

சீட்தான் என்றால் வால்வைக் கழற்றுங்கள். கூம்பின் சரிவில் வளையமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், நகத்தால் தடவினால் தட்டும். பித்தளைச் சீட்டில் பச்சைக் களிம்பும் இருக்கலாம். அலுமினிய உடலும் பித்தளையும் சேரும் இடத்தில் உப்புக்காற்றுக்கு வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடியைச் சுரண்டியபின் மரையே அரித்துப் போயிருந்தால், அந்த வால்வுக்கு இனிச் செலவு செய்யாதீர்கள். மரை நன்றாக இருந்தால்தான் மேற்கொண்டு வேலை.

மண்டபம், இராமநாதபுரம் பக்கம் படகு இஞ்சின் வேலை பார்க்கிற லேத் பட்டறைகளுக்கே போங்கள். உப்புத் தண்ணீரில் எந்த உலோகம் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும், இந்த வேலை அவர்களுக்குப் புதிதும் அல்ல. கூம்பையும் சீட்டையும் ஒரே கோணத்தில், பள்ளம் மறையும் அளவுக்கு மட்டும் சீவச் சொல்லுங்கள். அப்புறம் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்க வேண்டும். முடிந்ததும் பேஸ்டைத் துடைத்துவிட்டு, கூம்பின் சரிவில் குறுக்காகப் பென்சில் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து கால் சுற்றுத் திருப்புங்கள். எல்லாக் கோடும் அறுந்திருந்தால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கோடு முழுசாக நின்றாலும் இன்னும் தேய்க்க வேண்டும். கடைசியில் பேஸ்ட் துளியும் தங்காமல் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள்.

சீட்டின் வாய் அகலமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. துளை 21 ஆனாலே பரப்பு பத்து சதவீதம் கூடுகிறது. அதே ஸ்பிரிங் 50-இல் திறந்த இடத்தில் 45-இலேயே திறந்துவிடும். இந்த அளவு வித்தியாசத்தை, ஸ்பிரிங்கை இறுக்கும் திருகாணியால் ஈடுகட்டலாம், அதற்கு மேல் முடியாது.

ஸ்பிரிங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துருப்பிடித்த பழையதை இழுத்து நீட்டிப் போடாதீர்கள். கம்பியின் தடிமன், வெளி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, தளர்ந்த நிலையில் நீளம் என நாலையும் வெர்னியரால் அளந்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் அப்படியே சுற்ற வேண்டும். பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் 1 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.2 மி.மீ. போட்டால் விறைப்பு இரண்டு மடங்காகும். பிறகு எந்தத் திருகாணியும் அதை அடக்காது.

சைக்கிள் டியூப் ஏன் நிற்கவில்லை என்றால், பம்பிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியில் அது ஊறி உப்பிவிடும். ஆயில் சீல் விற்கும் கடைகளில் நைட்ரைல் ரப்பர் ஷீட் கேளுங்கள், பழைய வாஷரின் தடிமனிலேயே வெட்டிக்கொள்ளலாம். இது காற்று போகும் பக்கத்துக்கு மட்டும். லைனர் (கப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் உறை), பால் குழாய், மூடி கேஸ்கெட் என்று பால் படுகிற எதையும் இப்படி வெட்டிப் போடவே கூடாது. அதெல்லாம் கறவை மெஷினுக்கென்றே செய்த, உணவுத் தரமுள்ள ரப்பராக இருக்க வேண்டும்.

புது வால்வு வாங்குவதானால் அதே கம்பெனி, அதே மாடல்தான் என்றில்லை. குழாய் மரை பொருந்த வேண்டும், உங்கள் பம்ப் நிமிடத்துக்கு இழுக்கும் காற்று முழுவதையும் அந்த வால்வு உள்ளே விடக்கூடியதாக இருக்க வேண்டும். பம்பின் தகட்டில் லிட்டர் கணக்கு இருக்கும், படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

மாட்டியபின், கையேட்டில் உள்ள அளவுக்குத் திருகாணியைத் திருப்புங்கள். பெரும்பாலான வாளி மெஷின்களில் அது 40 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள், அதாவது 12 முதல் 15 இஞ்சுக்குள் இருக்கும். கப்களை அடைத்து ஓட்டும்போது முள் நிலையாக நிற்க வேண்டும். ஒரு கப்பைச் சில விநாடி திறந்து மூடிப் பாருங்கள், முள் இறங்கிவிட்டு உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். அதைத் தாண்டி எகிறினால் கூம்பின் தண்டு எங்கோ ஒட்டுகிறது. அதற்காக எண்ணெய் விடாதீர்கள், கடற்கரை மணல் தூசி அதில் பிடித்துக்கொண்டு மறுபடி அரைக்கும். துடைத்து உலர வைத்தால் போதும். வால்வை உப்புக்காற்று நேராக அடிக்காத உள்சுவரில் பொருத்துங்கள்.

முதல் ஒரு வாரம், கப்பைக் கழற்றியவுடன் ஒவ்வொரு காம்பையும் பாருங்கள். நீலம் பாரித்தோ, மடியோடு சேரும் இடத்தில் வளையம் பதிந்து தடித்தோ இருந்தால் வேக்குவம் அதிகம், அல்லது பால் நின்றபிறகும் கப்பை விட்டுவைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கறவைக்கும் முன் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் அந்த மாட்டைக் கடைசியாகக் கையால் கறந்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி தேவைப்பட்டால் 1962-க்குக் கூப்பிடலாம்.