‘ஐ வாஸ் போரிங்’ என்பது ஏன் பொருந்தவில்லை?

வகுப்பில் உங்களுக்குச் சலிப்பு ஏற்பட்டது என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் போரிங்’ என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ‘ஐ வாஸ் போர்டு’ என்பதே சரி. நீங்கள் எழுதிய ‘ஐ வாஸ் போரிங்’ இலக்கணப்படி பிழையற்ற வாக்கியம்தான். ஆனால் நீங்களே மற்றவர்களுக்குச் சலிப்பூட்டினீர்கள் என்ற பொருளைத் தந்துவிடும்.

‘எனக்குச் சலிப்பாக இருந்தது’ என்னும்போது தமிழில் உணர்கிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் அவரையே எழுவாயாக்கிவிட்டு, பெயரடையின் ஈற்றை மாற்றாமல் விடுவதே பெரும்பாலும் இக்குழப்பத்துக்குக் காரணம்.

ஐயம் வரும்போது மூல வினையைக் கொண்டு ‘த கிளாஸ் போர்ஸ் மீ’ என்பதுபோல் ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். எழுவாயாக வருவது உணர்வை உண்டாக்குகிறது. அதற்கு ‘ஐஎன்ஜி’ ஈறு. செயப்படுபொருளாக வருபவர் அதை உணர்கிறார். அவருக்கு ‘ஈடி’ ஈறு. கன்ஃபியூஸ், டயர், எக்ஸைட் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

‘ஆளுக்கு ஈடி, பொருளுக்கு ஐஎன்ஜி’ என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு பேச்சாளரும் ‘போரிங்’ ஆக இருக்கலாம்; கவலை தெரியும் பார்வையை ‘எ வொரீடு லுக்’ என்றும் சொல்வதுண்டு.

எல்லா வினைகளுக்கும் இவ்விரு வடிவங்களும் வழக்கில் இல்லை என்பதையும் கவனியுங்கள்: ‘ஸ்கேர்டு’ என்பதற்கு இணையாக ‘ஸ்கேரி’ என்றும், ‘டிலைட்டட்’ என்பதற்கு இணையாக ‘டிலைட்ஃபுல்’ என்றுமே எழுதுவார்கள்.