14 பேருக்கு ஒரு விமானம்: மணிக்கட்டணத்தை ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் ஃப்ளையிங் கிளப்பில் 14 உறுப்பினர்கள். இருப்பது ஒரே ஒரு செஸ்னா 172, லைகமிங் நிறுவனத்தின் இஞ்சின். ஆண்டுக்கு 120 மணி நேரம் பறக்கிறது. இஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்காகச் சேர்த்துவரும் பணம் போதாது என்று இப்போதுதான் தெரிகிறது. மணிக்கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்று செயற்குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள், கூடாது என்று மீதிப் பேர். இதற்கிடையில் விமானத்தில் சின்னச் சின்னக் கோளாறுகள் வந்துகொண்டே இருக்கின்றன. யார் ஓட்டியபோது வந்தது என்றே தெரிவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மணிக்கட்டணத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். ஏற்றினால் பறப்பது குறையும். 120 மணி 90 மணியாகும். ஆனால் காப்பீடும், விமானம் நிற்கும் ஹேங்கரின் வாடகையும் ஆண்டுப் பரிசோதனையும் ஒரு காசு குறையாது. அந்தச் சுமை முழுவதும் 90 மணியின் தலையில் விழும், மறுபடி ஏற்ற வேண்டிவரும்.

முதலில் செலவுகளை இரண்டாகப் பிரியுங்கள். விமானம் சும்மா நின்றாலும் ஆகும் செலவு எல்லாம் மாதச் சந்தாவில் வர வேண்டும், 14 பேருக்கும் சமமாக. எரிபொருள், எண்ணெய், டயர், பிரேக் போன்று பறந்தால் மட்டும் ஆகும் செலவு மணிக்கட்டணத்தில். “நான் மூன்று மாதமாகப் பறக்கவே இல்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நினைத்த நாளில் சாவியை எடுத்துக்கொண்டு போக அவருக்காக ஒரு விமானம் தயாராக நிற்கிறதே, அதற்குத்தான் அந்தப் பணம். இப்படிப் பிரித்த பல கிளப்களில் மணிக்கட்டணம் இறங்கத்தான் செய்யும்.

இனி ஓவர்ஹால் நிதி. உங்கள் பணம் ஏன் போதவில்லை என்பதை என்னால் கிட்டத்தட்ட ஊகிக்க முடிகிறது. ஓவர்ஹால் செலவை 2000 மணியால் வகுத்து, அந்தத் தொகையை மணிக்கு மணி சேர்த்திருப்பீர்கள். லைகமிங் பல மாடல்களுக்குச் சொல்லும் வரம்பு 2000 மணி அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. ஆண்டுக்கு 120 மணி என்றால் 12 ஆண்டில் 1440 மணிதான் ஆகும். அதாவது தேவையான பணத்தில் 72 சதவீதம்தான் சேரும். மீதி 28 சதவீதம் எங்கே என்று பொருளாளரைச் சந்தேகிப்பதில் பயனில்லை, வகுத்த எண்ணே தவறு. 12 ஆண்டு வரம்பு சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்துமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், பயிற்சிக்கு ஓட்டுகிறீர்களா சொந்தப் பறப்புக்கா என்பதைப் பொறுத்தும் மாறும். இருந்தாலும் நிதியை ஆண்டுக் கணக்கில் சேர்ப்பதே பாதுகாப்பு. என்னைக் கேட்டால் அதையும் சந்தாவிலேயே போட்டுவிடுவேன், தனி வங்கிக் கணக்கில். ஹேங்கர் வாடகை நெருக்கும்போது அதில் கை வைக்கும் ஆசை எல்லாச் செயற்குழுவுக்கும் வரும்.

குறைவாக ஓடும் விமானத்துக்குக் காலண்டர்தான் எஜமான். எண்ணெய் மாற்றுவதையே பாருங்கள். ஃபில்டர் உள்ள இஞ்சினுக்கு 50 மணி அல்லது 4 மாதம் என்பது லைகமிங் கணக்கு. உங்கள் விமானம் 4 மாதத்தில் 40 மணிதான் ஓடுகிறது. 50 ஆகட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அந்த மாதத்தில் எண்ணெயில் சேர்ந்த ஈரமும் அமிலமும் உள்ளேயே கிடக்கும். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் காம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் நின்றால் எண்ணெய் வடிந்து கீழே போய்விடும், மேலே இருக்கும் காம் காய்ந்து துருப்பிடிக்கும். அப்புறம் அது தன்மேல் உரசும் டாப்பெட்டை அரித்து, உலோகத் தூளாக ஃபில்டரில் வந்து சேரும். அதனால்தான் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து பார்க்கச் சொல்கிறேன்.

30 நாளுக்கு ஒருமுறையாவது, எண்ணெய் வெப்பம் 74 முதல் 93 டிகிரி செல்சியஸில் இருக்க, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறந்தாக வேண்டும். தரையில் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது உதவாது. எண்ணெய் போதிய அளவு சூடாகாமல், எரிப்பில் பிறக்கும் நீராவி உள்ளேயே தங்கிவிடும். இரண்டு வாரம் யாரும் பதிவு செய்யவில்லை என்றால், எரிபொருள் செலவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பறக்க யாருக்காவது கொடுங்கள். கிளப்புக்கு அதில் நஷ்டமில்லை.

கட்டணத்தை டாக்கோமீட்டர் மணியில் வாங்குவதே எனக்குப் பிடித்தது. அது இஞ்சின் சுழலும் வேகத்துக்கேற்ப எண்ணும், தரையில் மெதுவாக ஓடும்போது குறைவாகத்தான் ஏறும். ஹாப்ஸ் மீட்டரோ இஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடத்தையும் ஒரே மாதிரி எண்ணும். உறுப்பினர் காசைப் பார்த்து, இஞ்சின் சூடாகும் முன்பே கிளம்பிவிடுவார்.

சரி, கோளாறுகள். நான் பராமரிப்புப் பொறுப்பில் இருந்த ஒரு கிளப்பில் வலது பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்குவது மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் எழுதவில்லை. நான்காவதாக எடுத்தவர் ஓடுபாதைக்குப் போகும் வழியான டாக்ஸிவேயை விட்டுப் புல்லில் போய் நின்றார். நல்லவேளை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். எழுதினால் தன் தலையில் கட்டிவிடுவார்கள் என்று பயந்தவர் ஒருவர். மற்ற இருவரும் வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்தவர்கள்.

ஆகவே குறை எழுதும் நோட்டைச் சாவியோடு சேர்த்தே வையுங்கள், படிக்காமல் சாவியை எடுக்க முடியாதபடி. எழுதியவரிடம் பழுதுச் செலவு வசூலிக்கப்படாது என்று விதியிலேயே போடுங்கள். எந்த உறுப்பினரும் விமானத்தை நிறுத்திவைக்கலாம், மறுபடி பறக்க விடுவது மட்டும் மெக்கானிக் கையில். ஒவ்வொரு குறிப்புக்கும் பராமரிப்புப் பொறுப்பாளர் அதே நோட்டில் பதில் எழுத வேண்டும். பதில் வராத நோட்டில் இரண்டாம் முறை யாரும் எழுத மாட்டார்கள்.

எழுதும் விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவைப் பற்றி “மேக்னெட்டோ கெட்டுவிட்டது” என்று எழுதுவது தீர்ப்பு. மெக்கானிக்குக்கு வேண்டியது, “ரன்-அப்பில் வலது மேக்னெட்டோவில் 200 ஆர்பிஎம் இறங்கியது, ஒரு நிமிடம் லீன் செய்து ஓட்டியபின் 90 ஆனது” என்பது போன்ற குறிப்பு. (ரன்-அப் என்பது கிளம்பும் முன் செய்யும் இஞ்சின் சோதனை, லீன் செய்வது என்றால் கலவையில் எரிபொருளைக் குறைப்பது.) அந்தக் குறிப்பைப் படித்ததும், எரிபொருளில் உள்ள ஈயம் பிளக்கில் படிந்திருக்கும் என்று அவர் பிளக்கைத்தான் முதலில் கழற்றுவார்.

பறந்து முடித்தபின் விட்டுப்போகும் முறையில் இரண்டு விஷயம். வெளியே மின்னும் பீக்கன் விளக்கின் சுவிட்சை எப்போதும் ஆனிலேயே விடுங்கள். மொத்த மின்சாரத்துக்குமான மாஸ்டர் சுவிட்சை அணைக்க மறந்தவருக்குத் திரும்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும், பேட்டரி பிழைக்கும். அடுத்து, எண்ணெயை விளிம்பு வரை ஊற்றும் பழக்கம். மேலே உள்ளதை இஞ்சின் தன் காற்றுப்போக்கியான பிரீதர் குழாய் வழியாக விமானத்தின் வயிற்றடியில் கக்கிவிடும், அடுத்தவர் அளவு குறைந்ததைப் பார்த்து மறுபடி ஊற்றுவார். கொஞ்ச நாளில் “இஞ்சின் எண்ணெய் குடிக்கிறது” என்று நோட்டில் வரும்.

செயற்குழு கூடுவதற்கு முன் லாக் புக்கை எடுத்து, கடைசி ஓவர்ஹால் ஆன தேதியைப் பாருங்கள். 12 ஆண்டில் எத்தனை ஆண்டு மிச்சம், நிதியில் எவ்வளவு குறை என்று அதிலிருந்து தெரியும். அந்தக் குறையை மிச்சமுள்ள மாதங்களாலும் 14 பேராலும் வகுத்தால் வருவதுதான் சந்தாவில் ஏற்ற வேண்டிய தொகை. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடங்குங்கள்.