சிமென்ட் இல்லாத இடுப்பு மூட்டு பத்து வருஷத்தில் கழன்றுவிடுமா?

மன்னார்குடி நண்பருக்கு, 56 வயது அப்பாவுக்கு சிமென்ட் இல்லாத இடுப்பு மூட்டு போடலாம் என்கிறார் டாக்டர், அது பத்து வருஷத்தில் கழன்றுவிடும் என்கிறார் சித்தப்பா என்று எழுதியிருந்தீர்கள். சித்தப்பா சொல்வதை விடுங்கள். எனக்கு 2011இல் போட்டது. நேற்றும் வரப்பில் நடந்துதான் மோட்டார் போட்டுவிட்டு வந்தேன்.

சிமென்ட் என்பது மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் பசை மாதிரி. அது இல்லாத வகையில், தொடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் தண்டு சொரசொரப்பாக இருக்கும். எலும்பு அதில் வளர்ந்து கவ்விக்கொள்ள இரண்டு மூன்று மாதம் ஆகும். நட்ட நாற்று வேர் பிடிக்கிற மாதிரிதான். பிடித்துவிட்டால் லேசில் அசையாது. பிற்காலத்தில் தேய்வது பெரும்பாலும் இடுப்பெலும்பில் பதிக்கும் கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை. இப்போது வரும் கிராஸ்லிங்க் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பழையதைவிட மிகக் குறைவாகத் தேயும். கிண்ணம் உறுதியாக இருந்தால் உறையை மட்டும்கூட மாற்றலாம். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், எல்லா வகையும் சேர்த்து சுமார் 58 சதவீத மூட்டுகள் 25 வருஷம் தாங்கியிருந்தன.

எழுபத்தைந்து தாண்டி எலும்பு மெலிந்தவர்களுக்கு சிமென்ட் தண்டுதான் மேல். சுற்றியுள்ள எலும்பு முறியும் அபாயம் குறைவு. அப்பாவுக்கு அந்தக் கவலை இப்போது இல்லை.

முதல் வருஷம் படியேறினால் எனக்குத் தொடை சுருக்கென்றது, தானாகப் போய்விட்டது. பல வருஷம் கழித்துப் புதிதாக வலித்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அப்புறம், வெஸ்டர்ன் டாய்லெட்டை ஆபரேஷனுக்கு முன்பே கட்டிவிடுங்கள். நான் கட்டாமல் விட்டு, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மாதம் ஓட்டினேன்.