பின் டயரில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: என்னுடையது பின்சக்கர இயக்கம் கொண்ட, எஞ்சின் வலு சற்று அதிகமான கார். விடுமுறை நாளில் மட்டும் எடுக்கிற வண்டியன்று. நாள்தோறும் அலுவலகத்துக்கு இதில்தான் போய்வருகிறேன். முன்னால் 225/40 ஆர் 18, பின்னால் 255/35 ஆர் 18 அளவு டயர்கள். 18,000 கி.மீ. ஓடியதில் பின் டயர்கள் இரண்டும் முடிந்துவிட்டன. முன் டயர்களில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடு, பாதிக்கு மேல் இருக்கிறது. அதே டயரை மறுபடி வாங்க மனம் வரவில்லை, விலை அப்படி. எப்படியும் பின்னால் சீக்கிரம் தேயத்தான் போகிறது என்பதால், கிடைப்பதிலேயே விலை குறைந்ததைப் போட்டு ஓட்டிவிடலாமா?

பதில்: "எப்படியும் தேயத்தான் போகிறது" என்கிறீர்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. பின்சக்கர இயக்கத்தில் எஞ்சினின் இழுவிசை முழுவதும் பின் டயர்கள் இரண்டின் வழியாகவே தரைக்குப் போகிறது. வளைவில் வண்டியின் பின்பகுதியைப் பிடித்து நிறுத்தும் வேலையும் அவற்றினுடையதே. முன்னும் பின்னும் அளவு வேறாக இருப்பதால், டயர்களை முன்பின்னாக மாற்றிப்போட்டுத் தேய்மானத்தைப் பகிர்ந்துவிடவும் உங்களுக்கு வழியில்லை. ஆகவே முன் டயரைவிடப் பின் டயர் விரைவாகத் தீருவது இயல்புதான். ஆனால் அது 18,000 கி.மீ.யில் தீர்ந்தது உங்கள் வலது காலால்தானா, வேறு கோளாறு எதனாலுமா என்பதைப் புது டயர் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்வதற்குக் கழற்றப்படும் பழைய டயரைவிட நல்ல சாட்சி கிடையாது.

பட்டன் ஆழம் அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பின் டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் தேய்ந்தது ஓட்டத்தினால்தான். நடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காற்று கூடுதலாக இருந்திருக்கலாம், அல்லது ஆக்ஸிலரேட்டரை அழுத்தமாக மிதிக்கும் பழக்கம் காரணமாக இருக்கலாம். இரு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி நின்றால் காற்று குறைவு. உள்விளிம்பு மட்டும் கரைந்திருந்தால் வீல் அலைன்மெண்ட் தவறியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இவ்வகைக் கார்களில் வளைவுப் பிடிப்புக்காகப் பின் சக்கரங்களின் மேற்பகுதியைச் சற்று உள்நோக்கிச் சாய்த்தே அமைத்திருப்பார்கள். அந்தச் சாய்வைக் கேம்பர் என்கிறோம். கேம்பர் மட்டும் இருந்தால் தேய்மானம் மெதுவாகவே நடக்கும். அதனுடன் டோ எனப்படும் திசைக்கோணமும் பிசகிவிட்டால், சக்கரம் உருளும்போதே சிறிது பக்கவாட்டில் இழுபட்டு, ஒவ்வொரு கி.மீ.யிலும் உள்விளிம்பை அரம்போல ராவிக்கொண்டே போகும்.

நண்பர் ஒருவருடைய காரை லிஃப்டில் ஏற்றியபோது இதைக் கண்ணால் கண்டேன். பக்கவாட்டில் நின்று பார்த்தபோது பின் டயரில் பட்டன் தாராளமாக இருந்தது. இன்னும் ஆறு மாதம் ஓடும் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கையை உட்பக்கம் விட்டுத் தடவிப் பார்த்தபோது விரலில் கம்பி குத்தியது. ரப்பர் முழுவதும் போய், உள்ளேயிருக்கும் எஃகு இழைகள் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தன. அந்த வண்டிக்கு எந்த டயரை வாங்கிப் போட்டிருந்தாலும், விலை உயர்ந்ததோ தாழ்ந்ததோ, அதே கதிதான் நேர்ந்திருக்கும். உங்கள் அளவீட்டிலும் உள்விளிம்பு 2 மி.மீ.க்கு மேல் பின்தங்கியிருந்தால், முதல் செலவு நான்கு சக்கர அலைன்மெண்டாக இருக்கட்டும். முன் சக்கரங்களை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடும் பணிமனைகள் உண்டு. பின் சக்கரங்களின் கேம்பர், டோ அளவுகளும் அச்சிட்ட தாளில் வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த வகையில் மிச்சமாகும் பணம், மலிவு டயரில் மிச்சமாகும் பணத்தைவிடப் பெரும்பாலும் அதிகம்.

இனி விலைக்கு வருவோம். கடையில் சொல்லும் விலையை ஒப்பிடாதீர்கள், ஆயிரம் கி.மீ.க்கு எவ்வளவு ஆகிறது என்று ஒப்பிடுங்கள். இப்போதைய டயரின் விலை 100 பங்கு, பொருத்தி பேலன்ஸ் செய்யும் கூலி 8 பங்கு என்று வைத்துக்கொள்வோம், 18,000 கி.மீ. ஓடியதால் ஆயிரத்துக்கு 6 பங்கு. 60 பங்கு விலையுள்ள மலிவு டயர் 12,000 கி.மீ. ஓடினால், அதே கூலியைச் சேர்த்து, ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5.7 பங்கு. கையில் நின்றது அற்பம். அதற்காக ஒரு முறை கூடுதலாகக் கடையில் காத்திருக்க வேண்டும். 75 பங்கு விலையில் 20,000 கி.மீ. ஓடும் நடுத்தர டயர் ஒன்று கிடைத்தால் செலவு 4.2 பங்குக்கு இறங்கிவிடுகிறது. இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்களே என்றாலும், உங்கள் ஊர் விலைகளை வைத்து நீங்களே போட்டுப் பார்த்தால், லாபம் பெரும்பாலும் நடுத்தட்டில்தான் ஒளிந்திருக்கும்.

அந்த நடுத்தட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி, பெரிய நிறுவனங்களின் இரண்டாம் பெயர்களைத் தேடுவது. ஃபயர்ஸ்டோன் 1988 முதல் பிரிட்ஜ்ஸ்டோன் வசம் இருக்கிறது. ஜெனரல் டயர் 1987 முதல் கான்டினென்டலுக்குச் சொந்தம். பிஎஃப்குட்ரிச் மிஷலினுடைய குடும்பம். இவற்றின் கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர்கள் தாய் நிறுவனத்தின் உச்ச டயருக்கு நிகரானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு, பந்தயத் தளத்தில் கடைசி நொடியைத் தேடாதவருக்கு, அந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது.

டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்க விதிப்படி பொறிக்கப்படுவது அது; 100 என்ற அடிப்படை டயரைவிட எத்தனை மடங்கு மெதுவாகத் தேய்கிறது என்பதைச் சொல்கிறது. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரில் 300 என்றும், ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹாக் இண்டி 500 டயரில் 340 என்றும் இருக்கும். இதைப் பார்த்து இரண்டாவது கூடுதலாக உழைக்கும் என்று முடிவுகட்டிவிட முடியாது. டயரைச் சுமார் 11,500 கி.மீ. சாலையில் ஓட்டி, அதன் தேய்வை வைத்து மீதி ஆயுளைக் கணக்கிட்டு, எண்ணைத் தானே அறிவிப்பது தயாரிப்பாளர்தான். ஒருவர் கை தாராளமாக இருக்கும், இன்னொருவர் குறைத்தே சொல்வார். ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும், அவ்வளவே. கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள் என்றால் சிறிய எழுத்தையும் படியுங்கள்: முன்னும் பின்னும் அளவு வேறான கார்களில், பின் டயர்களுக்கு அந்த உத்தரவாதத்தில் பாதிதான் என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கும்.

மிகவும் மலிவான டயரை நான் வேண்டாம் என்பதற்குத் தேய்மானம் காரணமன்று, மழை. உலர்ந்த சாலையில் மலிவு டயருக்கும் உயர்ந்த டயருக்கும் உள்ள வேறுபாட்டை அன்றாட ஓட்டத்தில் உணர்வதே கடினம். நனைந்த சாலையில் அது சட்டென்று வெளிப்படும். வழுக்குவது முன் டயராக இருந்தால் வண்டி திரும்பாமல் நேரே போகும். எவரும் இயல்பாகவே காலை எடுப்பார்கள், வேகம் குறைந்ததும் முன்சக்கரம் மறுபடி பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழலப் பார்க்கும். பதறிப்போய்க் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பகுதி இன்னும் இலேசாகிவிடும். வண்டி சுழலாமல் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறதே என்பீர்கள். அது இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்கும். இல்லாத பிடிப்பை எங்கிருந்தும் கொண்டுவராது. நல்ல முன் டயரும் மட்டமான பின் டயரும் சேர்வதுதான் இருக்கும் சேர்க்கைகளில் மோசமானது. முன்னால் உள்ள பிடிப்பை நம்பித் திருப்புவீர்கள். பின்னால் உள்ளது கூடவே வராது.

எனவே பின்னால் போடும் டயர் நனைந்த சாலையில் உங்கள் முன் டயருக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது. ஐரோப்பிய லேபிளில் மழைப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள் உண்டு; உங்கள் முன் டயருடைய தரத்தைக் கண்டுபிடித்து, அதே எழுத்தோ அதற்கு மேலோ உள்ளதையே பின்னால் போடுங்கள். முன்னால் கோடைக்கால டயர் இருக்கும்போது பின்னால் ஆல்-சீசன் டயரைக் கலப்பதும் வேண்டாம். முன்னால் ஒரு நிறுவனம், பின்னால் ஒரு நிறுவனம் என்பதைக்கூட வேறு வழியில்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே அச்சில் இடம் வலம் வேறு வேறு டயர் என்பது கூடவே கூடாது.

அளவுக்குப் பின்னால் வரும் குறியீட்டையும் மறக்காதீர்கள். 255/35 ஆர் 18 டயர் 94 என்ற சுமை எண்ணுடனும் வருகிறது, 90 என்ற எண்ணுடனும் வருகிறது. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 90 என்றால் 600 கிலோ. காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் 94 என்றிருக்க, நீங்கள் 90 வாங்கினால் பின் அச்சு ஒன்றில் மட்டும் 140 கிலோ தாங்குதிறனை இழக்கிறீர்கள். வேகக் குறியில் டபிள்யூ மணிக்கு 270 கி.மீ., ஒய் 300 கி.மீ. அந்த வேகத்தில் யார் போகப்போகிறார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குறி டயர் வெப்பத்தைத் தாங்கும் திறனையும் காட்டுகிறது என்பதால், தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

கேள்வி: அதே அளவுள்ள என் காருக்கு, பின்னால் 255/35க்குப் பதிலாக 245/40 ஆர் 18 போட்டால் விலை வெகுவாகக் குறைகிறது, கிடைப்பதும் எளிது. 10 மி.மீ. அகலம்தானே குறைகிறது?

பதில்: அகலத்தைப் பார்த்தீர்கள், உயரத்தைப் பார்க்கவில்லை. முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், இரண்டாம் எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 255இல் 35 விழுக்காடு என்றால் பக்கச்சுவர் 89 மி.மீ.; 245இல் 40 விழுக்காடு என்றால் 98 மி.மீ. மொத்த விட்டம் ஏறத்தாழ 636 மி.மீ.யிலிருந்து 653 மி.மீ.க்கு ஏறிவிடுகிறது. முன் டயரின் விட்டமோ 637 மி.மீ. தயாரிப்பாளர் முன்னும் பின்னும் ஒன்றரை மி.மீ. வேறுபாட்டில் இணையாக வைத்ததை நீங்கள் 16 மி.மீ. விலக்கிவிடுகிறீர்கள். பின் சக்கரம் முன்பைவிட 2.7 விழுக்காடு மெதுவாகச் சுற்றும். நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டே முடிவெடுக்கும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆகியவற்றுக்கு இது பொய்த்தகவல். நான்கு சக்கர இயக்கமுள்ள கார் என்றால் இன்னும் மோசம். சுற்று வேறுபாட்டைச் சமாளித்துச் சமாளித்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடேறிப் பழுதாகும், அதன் செலவில் பல ஜோடி டயர் வாங்கலாம். வேண்டாம்.

கேள்வி: ட்ரெட்வேர் 200 உள்ள பந்தயப் பாணி டயர்கள் தள்ளுபடியில் கிடைக்கின்றன. அன்றாடம் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் அன்றாட வண்டிக்கு அவற்றை நான் வாங்க மாட்டேன். சூடேறிய பின்புதான் அவற்றின் முழுப் பிடிப்பு கிடைக்கும். அலுவலகம் போகும் தூரத்தில் அது நிகழ்வதற்குள் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள். பள்ளங்கள் குறைவாக இருப்பதால் தேங்கிய நீரில் மிதக்கும், இரைச்சலும் கூடுதல். தள்ளுபடி ஏன் என்பதையும் பாருங்கள், பழைய சரக்காக இருக்கலாம்: பக்கவாட்டில் டாட் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

கேள்வி: பாதி தேய்ந்த, ஆனால் உயர்ந்த நிறுவனத்தின் டயர்கள் இரண்டைப் பழையதாக வாங்கிப் பின்னால் போடலாமா? 4 மி.மீ. பட்டன் இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: பள்ளத்தின் அடியில் குறுக்கே இருக்கும் தேய்வு மேடு 1.6 மி.மீ. பல நாடுகளில் சட்ட வரம்பும் அதுவே. ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போனதும் தண்ணீரை வெளியேற்றும் திறன் நன்றாகவே குறைந்துவிடும் என்பதால், நான் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன். அந்தக் கணக்கில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது 1 மி.மீ. ரப்பர், 8 மி.மீ.யுடன் வரும் புது டயரில் 5 மி.மீ. கிடைக்கும். விலையை அந்த மி.மீ.களால் வகுத்துப் பாருங்கள். முன்பு யாரோ காற்றில்லாமல் ஓட்டியிருந்தால் பக்கச்சுவரின் உட்புறம் நசுங்கி ரப்பர் பொடி உதிர்ந்திருக்கும். ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்காமல் அது தெரியாது. கழற்றிக் காட்ட விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.