பிரேக் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வண்டியை யாரிடம் காட்டுவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லாரிக்காரர்களுடையவை. எல்லாமே எஃப்.சி.யை, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றைச் சுற்றியே வருவதால் மிக்ஸி, ஃபிரிட்ஜ் கேள்விகள் அடுத்த முறைக்குப் போகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என்னிடம் 2014 மாடல் பத்துச் சக்கர லாரி ஒன்று இருக்கிறது. நானே ஓட்டுகிறேன். அடுத்த மாதக் கடைசியில் எஃப்.சி. முடிகிறது. வழக்கமாக வேலை பார்த்த பட்டறைக்காரர் தொழிலை விட்டுவிட்டார். புதிதாக இரண்டு இடத்தில் கேட்டேன். ஒருவர், "மொத்தமா ஒரு தொகை கொடுத்துடுங்கண்ணா, பாஸ் பண்ணி வண்டியைக் கையில கொடுத்துடறேன்" என்கிறார். இன்னொருவர் வண்டியைக் குழியில் ஏற்றிப் பார்க்காமல் விலையே சொல்ல மாட்டேன் என்கிறார். யாரை நம்புவது? (பரமத்தி வேலூர் வாசகர்)

பதில்: இரண்டாமவரிடம் போங்கள். அவர் நல்லவர் என்று அடித்துச் சொல்லவில்லை. பார்க்காமல் விலை சொல்லாதவரிடம் பேச்சைத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

முதலாமவர் சொல்லும் மொத்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள். அரசுக் கட்டணம், வண்டிக்கான வேலை, புரோக்கர் கூலி என்று மூன்று கணக்குகள் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அரசுக் கட்டணத்தைப் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே கட்டலாம், ரசீது உடனே கிடைக்கும். வண்டியின் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால் பக்கத்து வண்டிக்காரர் கட்டியதை வைத்து உங்களுடையதைக் கணக்குப் போட வேண்டாம். அந்த ரசீதை எடுத்து வைத்துவிட்டாலே மீதித் தொகை எதற்கு என்று கேட்கும் தைரியம் வந்துவிடும். "ஆபீஸ் செலவு" என்று பதில் வந்தால், எந்த ஆபீஸ், எந்த ரசீது என்று கேளுங்கள். முகம் மாறுவது தெரியும்.

மொத்தமாகப் பேசியவருக்கு உங்கள் வண்டியில் செலவழிக்காத ஒவ்வொரு ரூபாயும் லாபம். அதனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் வேலை நடக்கும். என் பெரியப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. ஒரு வருடம் இப்படித்தான் ஒரு பட்டறையில் மொத்தமாகப் பேசி விட்டார். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தது. மட்கார்டு, பம்பர் எல்லாம் பளபளவென்று இருந்தன. இரண்டு மாதம் கழித்து லோடு ஏற்றும்போது சேசிஸ் குறுக்குச் சட்டத்தில் பெயிண்ட் ஒரு கோடாக உரிந்தது. சுரண்டிப் பார்த்தால் பெயிண்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே விரல் நீளத்துக்கு விரிசல். அன்றிலிருந்து அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்: வேலை முடிந்து, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பார். நீங்களும் செய்யுங்கள். பெயிண்ட் காய்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

சரி, இரண்டாமவரை எப்படிச் சோதிப்பது? "பிரேக்கை எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது, அதனால் வேலை தெரிந்தவர் முதலில் பிரேக்குக்கான காற்றை முழுக்க ஏற்றுவார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஆளை விட்டுப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, காற்று மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். முள் இறங்கினால் பட்டறைச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதால் தேடுவார், இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடிப்பார். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்புவார். ஆட்டம் இருந்தால் கிங் பின்னா (முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி), பேரிங்கா என்று பிரித்துச் சொல்வார். குறைந்தது ஒரு சக்கரத்தையாவது கழற்றி, லைனர் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பிரேக் பட்டை) ரிவிட்டுக்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, டிரம்மின் ஓரத்தில் விளிம்பு எழும்பியிருக்கிறதா என்று உங்களையே தொட்டுப் பார்க்கச் சொல்வார். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடத்தில் சுற்றி வந்து டயரை நாலு உதை உதைத்துவிட்டு விலை சொல்பவரிடம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். தானியங்கிப் பரிசோதனை நிலையங்களில் சக்கரங்களை உருளை மேல் நிறுத்திப் பிரேக் பிடிமானத்தைத் தனித்தனியாக அளப்பார்கள். ஓட்டிப் பார்த்து பிரேக் அடிக்கும் பழைய முறையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளித்துவிடலாம். உருளையில் அந்த வித்தியாசம் எண்ணாகவே வந்து நிற்கும். "ரெண்டு பக்கமும் சமமா பிடிக்கிற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டால், எப்படிச் செய்வேன் என்று விளக்குகிறவர் காலத்தோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம். தானியங்கிப் பரிசோதனை நிலையம் நடத்துபவர் ரிப்பேர் வேலை செய்யவோ, உதிரி பாகம் விற்கவோ கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. சோதிப்பவரும் சரி செய்பவரும் ஒரே ஆளாக இருந்தால் இல்லாத குறையெல்லாம் முளைக்கும். "ஸ்டேஷனே நம்மளோடதுதான், வேலையும் இங்கேயே முடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வண்டி எட்டு வருடம் தாண்டியது. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம் எஃப்.சி. ஆக, இந்தப் பட்டறையோடு உங்களுக்கு வருடாந்திர உறவு. ஒரு மாதம் கையில் இருக்கும்போது தேடத் தொடங்கியது நல்லது. தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பதைக்கூட விடுங்கள். கடைசி வாரத்தில் போனால் லேத்துக்குப் போன டிரம் திரும்பி வரவே நாள் பற்றாது, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதுதான். எஃப்.சி. ஒரு நாள் வேலை. தொப்பூர் இறக்கத்தில் லோடோடு நீங்கள் இறங்கப் போவது வருடம் முழுக்க.

கேள்வி: 2017 மாடல் லாரி. ஸ்பீடு கவர்னர் தனியாக மாட்ட வேண்டும், ரிஃப்ளெக்டர் டேப்பும் எங்களிடமே வாங்கினால்தான் செல்லும் என்கிறார்கள். உண்மையா? (சங்ககிரி வாசகர்)

பதில்: 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளில் வேகக் கட்டுப்பாடு கம்பெனியிலேயே பொருத்தி வர வேண்டும். சாதாரண லாரிக்கு 80 கிலோமீட்டர், டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60. அதனால் உங்கள் வண்டியில் ஏற்கெனவே அது இருக்க வேண்டும். வண்டி வாங்கிய டீலரிடம் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் புதுப் பெட்டிக்குப் பணம் கட்ட வேண்டாம். இடையில் யாராவது அதைக் கழற்றி "இழுவை நல்லா வருது" என்று கொடுத்திருந்தால் அது வேறு கதை. அதைச் சரி செய்யத்தான் வேண்டும்.

டேப்புக்குக் கடை முக்கியமில்லை, தரம்தான் முக்கியம். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஏ.ஐ.எஸ். 090 என்ற வாகனத் தர விதிப்படி சான்று பெற்ற டேப்பில் அதன் குறி டேப்பின் மேலேயே அச்சாகியிருக்கும், வாங்கும்போது சான்றும் தருவார்கள். மலிவு டேப் பகலில் ஒன்றுபோலத்தான் தெரியும். கடைக்குள்ளேயே விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வண்டிகள். எஃப்.சி. வேலை பில்லில் நாலு சக்கரத்துக்கும் லைனர் மாற்றியதாக இருக்கிறது. இரண்டுதான் மாற்றினார்கள் என்கிறார் டிரைவர். டிரைவரை நம்புவதா, பட்டறையையா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: இந்த முறை நடந்ததற்கு ஒரே வழி, சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதுதான். புது லைனர் எது, பழையது எது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பட்டறைக்காரரையும் கூட நிற்க வைத்துக் கழற்றுங்கள், டிரைவர் மேல் பழி வராது.

அடுத்த வண்டியிலிருந்து இப்படிச் செய்யுங்கள். வண்டி பட்டறைக்குப் போகும் முன் டயர், பேட்டரி, டைனமோ ஆகியவற்றின் எண்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன மாற்ற வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். கழற்றிய பழைய சாமானை ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே ஏற்றிவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய லைனரை வைத்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று யோசிக்காதீர்கள். அந்தச் சாக்கு வந்தால்தான் பில்லுக்குப் பணம், அவ்வளவே. நகப்பாலிஷ் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். டிரம், ஸ்டார்ட்டர், ஏர் டிரையர் ஆகியவற்றில் யாரும் கவனிக்காத மூலையில் ஒரு பொட்டு. "மாற்றியது" என்று பில் வந்த சாமானில் அந்தப் பொட்டு இருந்தால் சண்டையே தேவையில்லை, விரலை நீட்டிக் காட்டினால் போதும்.

எஃப்.சி. காட்டுவதற்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிக் கழற்றும் பழக்கம் உங்கள் முதலாளிக்கும் இருந்தால், அதைச் சொல்லிக்கொடுத்த பட்டறை பில்லில் மட்டும் நேர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கணக்கு எழுதுபவர் இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

கேள்வி: சொந்த வண்டி, நானே ஓட்டுகிறேன். எஃப்.சி. வேலை செய்து புது பிரேக் சேம்பர் (காற்றழுத்தத்தால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் கலம்) போட்டார்கள். எட்டாவது நாள் காற்று முழுக்க இறங்கி ரோட்டிலேயே வண்டி நின்றது, நடை போச்சு. கேட்டால் "எஃப்.சி. பாஸ் ஆச்சே, அப்புறம் எங்க தப்பு எங்க?" என்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா, அல்லது லாரி என்றால் எடுக்க மாட்டார்களா? (திருச்செங்கோடு வாசகர்)

பதில்: முதலில், எஃப்.சி. என்பது காட்டிய நாளில் வண்டி இருந்த நிலைக்குச் சான்று. அவர்கள் விற்ற சேம்பருக்கு அது உத்தரவாதம் ஆகாது. அந்தப் பதிலை ஏற்க வேண்டாம்.

வியாபாரத்துக்காக வாங்கியதை நுகர்வோர் சட்டம் ஏற்காது என்பது பொது விதி. ஆனால் பிழைப்புக்காக, சுயதொழிலாகத் தானே பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. இதை உச்ச நீதிமன்றம் 1995-ல் தெளிவாக்கியது. வழக்கு நம்ம பக்கத்து ஊரோடு சம்பந்தப்பட்டது: எதிர்த்தரப்பு கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடம். லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பிலேயே உதாரணம் சொல்லியிருக்கிறார்கள். கூட ஒன்றிரண்டு ஆள் உதவிக்கு வைத்திருந்தாலும் பரவாயில்லை, ஆகவே கிளீனர் இருக்கிறாரே என்று பயப்பட வேண்டாம். மேலே எழுதிய தூத்துக்குடி கம்பெனி இந்த விலக்கில் வருவது கஷ்டம்.

உங்களுக்கு வேண்டியது பில். அதில் "எஃப்.சி. வேலை" என்று ஒற்றை வரியாக இருந்தால் வழக்கு பலவீனம். சேம்பரின் பெயர், எண்ணிக்கை, விலை, தேதி இருந்தால் பலம். பழுதான சேம்பரை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. வேறு பட்டறையில் கழற்றினால், என்ன பழுது என்று அவர்கள் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிப் பதினைந்து நாள் பாருங்கள். பலரும் அதிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. போவதற்கு முன் 1915-க்குப் போன் செய்து பாருங்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: வண்டியைக் காட்டாமலே வெளி மாநிலத்தில் எஃப்.சி. எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். வண்டி நிற்காது, நாலு நாள் நடை மிச்சம். எடுக்கலாமா? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: கூடாது. முறையான எஃப்.சி. இல்லாத வண்டி, பதிவே செல்லாத வண்டிக்குச் சமம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவு. ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தோண்டுவது அந்தச் சான்றைத்தான்: வண்டி வெளி மாநிலத்தில் நின்றதாகச் சான்று சொல்லும் அன்று சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் கணக்கில் அது நாமக்கல்லில் ஓடிக்கொண்டிருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து ஊகிக்கிறேன். முன்பணத்தோடு போகட்டும். ஆர்.சி.யின் அசலை மட்டும் இன்றைக்கே கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.