வீட்டை அடமானம் வைத்து இரண்டாவது படத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. உதவி இயக்குநராக இருந்துவிட்டு, சேமிப்பையும் நண்பர்கள் தந்த பணத்தையும் போட்டு ஒரு படம் எடுத்தேன். திரைப்பட விழாக்களில் பாராட்டு கிடைத்தது, போட்ட பணத்தில் கால்வாசிகூடத் திரும்பவில்லை. இப்போது அவ்வப்போது விளம்பரப் படம் செய்கிறேன். இரண்டாவது திரைக்கதை தயாராக இருக்கிறது. இதற்கிடையில் ஒரு தயாரிப்பாளர் தன்னிடம் உள்ள பேய்க்கதையை இயக்கித் தரச் சொல்கிறார். சம்பளம் எங்கள் வீட்டின் 20 மாதச் செலவுக்குச் சமம். சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால் லாபத்தில் பங்கு தருவாராம். அந்தப் படத்தைச் செய்தால் என் பெயர் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டின் மேல் கடன் எதுவும் இல்லை. அதை அடமானம் வைத்து என் கதையையே எடுத்துவிடலாமா? அமெரிக்க இயக்குநர் ஜான் காசவெட்டிஸ் அப்படித்தானே எடுத்தார்? மனைவியின் சம்பளம் மாதச் செலவில் பாதியைத் தாங்கும். ஒரு குழந்தை. கையிருப்பு 5 மாதச் செலவுக்கான பணம்.

பதில்: வீட்டை வைக்காதீர்கள். பேய்ப்படத்தை ஒப்புக்கொள்ளுங்கள், முழுச் சம்பளத்துக்கு. உங்கள் கதையை அதற்கு அடுத்து, இப்போது மனதில் வைத்திருப்பதைவிடச் சிறிய பட்ஜெட்டில் எடுங்கள்.

நீங்கள் வீட்டை வைக்க நினைப்பதே யாருக்கும் கட்டுப்படாமல், மனதில் உள்ள படத்தை அப்படியே எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ஆசையை நான் மதிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடன் வாங்கிப் படம் எடுத்தால் அந்த ஒரு படத்துக்குச் சுதந்திரம் கிடைக்கும். அதற்கப்புறம் வரும் நாலைந்து படங்களை எதை எடுப்பது என்று உங்கள் மாதத் தவணை முடிவு செய்யும். அமெரிக்க இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 1979இல் வெளிவந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்காகத் தன் சொத்துகளைப் பணயம் வைத்தார், பிழைத்தார். அதே துணிச்சலில் 1982இல் 'ஒன் ஃப்ரம் தி ஹார்ட்' எடுத்தார். ஏறக்குறைய 26 மில்லியன் டாலர் செலவு, அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரு மில்லியன்கூட வசூலாகவில்லை. அந்தக் கடனை அடைப்பதற்காக அவர் பல ஆண்டுகள் மற்றவர்களின் படங்களை இயக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1992இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்கும் போனார். அவ்வளவு பெரிய பெயரும் முந்தைய வெற்றிகளும் இருந்த மனிதருக்கே இந்த நிலை. உங்களிடம் இருப்பது ஒரு வீடு, 5 மாதக் கையிருப்பு.

காசவெட்டிஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1974இல் வந்த 'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' படத்துக்கு அவர் வீட்டை அடமானம் வைத்தது உண்மைதான். ஆனால் அந்தக் கதையின் மீதிப் பாதியையும் பாருங்கள். அவர் தொழில்முறை நடிகர், 'தி டர்ட்டி டஸன்', 'ரோஸ்மேரிஸ் பேபி' மாதிரிப் பெரிய ஸ்டுடியோ படங்களில் நடித்து வந்த பணத்தைத்தான் சொந்தப் படங்களில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் நடித்த பீட்டர் ஃபாக் 5 லட்சம் டாலர் போட்டார், அவர் 'கொலம்போ' தொலைக்காட்சித் தொடரில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. கதாநாயகி காசவெட்டிஸின் மனைவி. படத்தை வாங்க ஆள் வராதபோது தானே விநியோகம் செய்தார். அதாவது அடமானத்துக்குப் பின்னால் நடிப்பு வருமானம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பணம் போட ஒரு கூட்டாளியும் இருந்தார். இந்த இரண்டும் உங்களிடம் இப்போது இல்லை. நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அடமானத்தை விட்டுவிட்டு அந்த நடிப்பு வருமானத்தைத்தான், உங்கள் கணக்கில் அந்த இடத்துக்கு வருவது இந்தப் பேய்ப்படம்.

பெயர் கெட்டுவிடும் என்கிறீர்கள். கதையைப் படித்துப் பாருங்கள். அதில் நாலு காட்சியாவது உங்களுக்கு எடுக்க ஆசை வருகிறதா? வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், அந்த நாலு காட்சிக்காகவே உழையுங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் நிச்சயமாக வேண்டாம், ஒரு வருடம் வெறுத்துக்கொண்டு எடுத்த படம் திரையில் தெரிந்துவிடும். பேய்ப்படம் என்பதாலேயே தரம் குறைந்தது என்று நினைப்பதை நான் ஏற்க மாட்டேன். நட்சத்திரம் இல்லாமல், சின்ன பட்ஜெட்டில், இயக்குநரின் கைத்திறமையை மட்டுமே நம்பி ஓடக்கூடிய வகை அது. ஒலியையும் மௌனத்தையும் வைத்து மூன்று நிமிடம் பார்வையாளரைப் பிடித்து வைக்கக் கற்றுக்கொண்டால் அது உங்கள் அடுத்த படத்திலும் பேசும்.

லாபத்தில் பங்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்வேன். டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்குப் போகும். மீதியில் விநியோகஸ்தர் தன் கமிஷனை எடுப்பார், பிறகு விளம்பரச் செலவு, பிறகு கடன் கொடுத்தவருக்கு வட்டியோடு அசல், பிறகு முதலீட்டாளர்கள். அதற்கப்புறம் ஏதாவது மிஞ்சினால்தான் 'நிகர லாபம்', உங்கள் பங்கு அதில்தான் வரும். 1988இல் வந்த 'கமிங் டு அமெரிக்கா' உலகம் முழுக்க 280 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. மூலக்கதை தன்னுடையது என்று எழுத்தாளர் ஆர்ட் பக்வால்ட் வழக்குப் போட்டபோது, ஒப்பந்தப்படி பார்த்தால் நிகர லாபமே வரவில்லை என்று ஸ்டுடியோ கணக்குக் காட்டியது. அவர் வழக்கில் ஜெயித்தார், ஆனால் அதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. உங்களால் முடியுமா? தயாரிப்பாளர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் இந்த வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு நல்லவர்களிடமிருந்தும் பணம் வருவதில்லை. முழுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வசூல் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் இவ்வளவு போனஸ் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள். வசூலை வெளியிலிருந்தும் சரிபார்க்கலாம், செலவுக் கணக்கை உங்களால் சரிபார்க்க முடியாது. அப்புறம் தவணைகள். படப்பிடிப்பு தொடங்கும் முன் பாதிப் பணமாவது கைக்கு வந்திருக்க வேண்டும். கடைசித் தவணை 'படம் வெளியானதும்' என்று இருக்கவே கூடாது, வெளியீடு உங்கள் கையில் இல்லை. 'இறுதிப் பிரதியை ஒப்படைத்ததும்' என்று மாற்றச் சொல்லுங்கள்.

சரி, அந்த 20 மாதச் செலவுப் பணத்தை என்ன செய்வது? வரிக்கும் வக்கீலுக்கும் கால் பங்கு போனதாக வைத்துக்கொள்வோம். 15 மாதம் மிச்சம். படம் முடிய ஒரு வருடம் ஆகலாம், மனைவியின் சம்பளம் பாதியைத் தாங்குவதால் அந்த வருடத்துக்கு 6 மாதச் செலவு எடுக்க வேண்டிவரும். மிச்சம் 9. அதில் 4 மாதத்தைக் கையிருப்பில் சேருங்கள், உங்கள் 5 மாதம் 9 ஆகும். மனைவியின் சம்பளமும் இருப்பதால் நீங்கள் ஒன்றரை வருடம் எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கலாம். பிடிக்காத கதையோடு ஒருவர் வந்தால் 'முடியாது' என்று சொல்லும் தெம்பை அந்த ஒன்றரை வருடம்தான் தரும், அதைத் தொடாதீர்கள். மிஞ்சும் 5 மாதச் செலவுப் பணம்தான் உங்கள் படத்துக்கு நீங்கள் போடும் சொந்தப் பணம். தனி வங்கிக் கணக்கில் வையுங்கள், போட்ட அன்றே அது போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் உண்மையிலேயே பயப்படும் விஷயம் வேறு. கமர்ஷியல் படம் செய்தவர்களின் ரசனை கெடுகிறது என்பார்கள், நான் அதிகம் பார்த்தது மாதச் செலவு கெடுவதைத்தான். முதல் பெரிய சம்பளம் வந்ததும் கார், பெரிய வாடகையில் ஓர் ஆபீஸ், இரண்டு உதவியாளர்கள். அந்தச் செலவைத் தாங்க அடுத்த படமும் அதே மாதிரி, அதற்கடுத்ததும் அதே மாதிரி. சொந்தக் கதை அலமாரியில் பழசாகிவிடும். பேய்ப்படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உங்கள் வீட்டுச் செலவு இரண்டு வருடத்துக்கு இன்றிருப்பதுதான் என்று இப்போதே மனைவியோடு பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

5 மாதச் செலவை வைத்து என்ன படம் எடுப்பது என்று கேட்பீர்கள். முழுப் படமும் எடுக்க முடியாமல் போகலாம், மீதிக்கு முதலீட்டாளர் தேவைப்படும். ஆனால் முதலில் திரைக்கதையைக் கையில் எடுத்து, எந்தச் செலவு திரையில் தெரிகிறது, எது தெரியவில்லை என்று காட்சிக்குக் காட்சி பாருங்கள். கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் படமான 'ஃபாலோயிங்'கை (1998) ஏறக்குறைய 6,000 டாலரில் முடித்தார். எல்லோரும் வார நாட்களில் வேலைக்குப் போனார்கள், சனிக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு, கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடியது. பிலிம் சுருள்தான் பெரிய செலவு என்பதால் காட்சிகளை முன்கூட்டியே நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்கில் எடுத்தார்கள். ஒத்திகைக்குப் பணம் தேவையில்லை, நேரம்தான் தேவை. உங்கள் ஒன்றரை வருடக் கையிருப்பு அந்த நேரத்தைத்தான் தருகிறது. இடங்களைக் குறையுங்கள், இரவுக் காட்சிகளைக் குறையுங்கள். நடிகர்களோடு செலவிடும் நாட்களைக் கூட்டுங்கள்.

ராபர்ட் ரோட்ரிகஸ் 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' எடுத்த கதையை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தத் தொகை படம் எடுத்த செலவு மட்டும். அதை வாங்கிய ஸ்டுடியோ ஒலியைத் திருத்தி, தியேட்டர் பிரதிக்கு மாற்றப் பல மடங்கு செலவழித்த பிறகுதான் 1993இல் தியேட்டர்களுக்கு வந்தது. புதிய இயக்குநர்கள் விழுவது இந்த இடத்தில்தான். படப்பிடிப்பிலேயே எல்லாப் பணமும் தீர்ந்துவிடும், ஒலிக்கலவைக்கும் வண்ணத் திருத்தத்துக்கும் இசை உரிமைக்கும் கடன் தேடி ஓடுவார்கள், அந்த நிலையில் யார் என்ன விலை கேட்டாலும் உரிமையை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைப் படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைக்கென்று ஒதுக்கிவிட்டு மீதியில் படப்பிடிப்பைத் திட்டமிடுங்கள்.

உரிமை என்றதும் ஒன்று. 1968இல் ஜார்ஜ் ரோமெரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வெளியானபோது தலைப்பை மாற்றினார்கள், அப்போது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. உலகமே பார்த்த படத்தை யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்றார்கள். இன்று சட்டம் வேறு, ஆனால் காகிதத்தில் கவனம் இல்லாததால் போகும் பணம் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் முதல் படத்தின் ஒப்பந்தங்களைத் தேடி எடுங்கள். எந்த நாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்தத் தளத்துக்கு விற்றீர்கள், எது இன்னும் உங்களிடம் இருக்கிறது? காலக்கெடு முடிந்த உரிமையை மறுபடி விற்கலாம், இரண்டாவது படம் வரும் நேரத்தில் முதல் படத்துக்கும் கேட்பவர்கள் வருவார்கள்.

முதல் படத்துக்குப் பணம் தந்த நண்பர்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அது கடனா, முதலீடா என்று அவர்களோடு எழுத்தில் முடித்துக்கொள்ளாமல் புதிதாக யாரிடமும் பணம் வாங்காதீர்கள். புதிய முதலீட்டாளரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும். படத்துக்கென்று தனி நிறுவனம் தொடங்கினாலும், கடன் கொடுப்பவர் உங்கள் சொந்த உத்தரவாதக் கையெழுத்தையும் கேட்பார், அதாவது நிறுவனம் கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்று. போட்டுவிட்டால் வீட்டை வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அதனால் அந்தக் கையெழுத்தும் வேண்டாம்.