ஏற்காடு ஏறுகிற கை கேமில் ஏன் கவிழ்கிறது?

கேள்வி: எனக்கு வயது 41, சேலம் அஸ்தம்பட்டி. கல்லூரி நாட்களில் பிரௌசிங் சென்டரில் மோட்டோகிராஸ் மேட்னஸ் 2 என்கிற மண் டிராக் பைக் பந்தய கேம் ஆடியிருக்கிறேன். பிறகு வீட்டு கம்ப்யூட்டரில் எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி ரிஃப்ளெக்ஸ். கல்யாணம், கடை, பிள்ளைகள் என்று பத்து வருடத்துக்கு மேல் தொடவே இல்லை. இப்போது பையனுடைய கேமிங் லேப்டாப்பில் எம்எக்ஸ் பைக்ஸ் என்கிற மோட்டோகிராஸ் சிமுலேட்டரைப் போட்டால் முதல் வளைவையே தாண்ட முடியவில்லை. 350 சிசி வண்டியில் வாரம் தவறாமல் ஏற்காடு ஏறி இறங்குகிறவன் நான். ஹேண்டில்பார் மாதிரி கருவி வாங்கினால் சரியாகுமா? பழைய டிஸ்க்கை மறுபடி ஓட்ட வழி உண்டா?

பதில்: ஹேண்டில்பார் வேண்டாம். இந்த வகை சிமுலேட்டர்களில் வேகமாக ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் சாதாரண கேம்பேடில்தான் ஓட்டுகிறார்கள். ஹேண்டிலைத் திருப்புவது மோட்டோகிராஸில் பாதி வேலைகூட இல்லை. மீதி வேலை ஓட்டுபவரின் உடம்புக்கு. அதை அசைக்க ஹேண்டில்பாரில் இடம் இல்லை, கேம்பேடின் வலது ஸ்டிக்கில் இருக்கிறது.

உங்கள் பிரச்சினை கருவியில் இல்லை, கையில் இருக்கிறது. அந்தக் கைக்குள் மூன்று பழக்கங்கள் குடியிருக்கின்றன. மேட்னஸ் 2 (2000) பழக்கம் மோசமானது. கீபோர்டில் ஒரே பட்டன், அழுத்தினால் முழு த்ராட்டில், விட்டால் பூஜ்யம். எல்லைச் சுவரில் ஏறிப் போனால் ஏதோ பீரங்கியில் வைத்துச் சுட்டது போல நம்மைத் திருப்பி எறியுமே, அதற்காகவே திரும்பத் திரும்பப் போனவர்கள் சேலத்திலும் நிறைய. ரிஃப்ளெக்ஸ் (2009) பழக்கம் பாதி நல்லது. இடது ஸ்டிக் வண்டிக்கு, வலது ஸ்டிக் உடம்புக்கு என்று பிரித்துப் பழக்கியது அதுதான். ஆனால் விழப் போகும்போது திரையில் ஒரு அம்புக்குறி காட்டி, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் காப்பாற்றியும் விடும். எம்எக்ஸ் பைக்ஸில் அந்தத் தயவு கிடையாது. சாய்ந்தால் சாய்ந்ததுதான்.

மூன்றாவது, ஏற்காடு. உங்களைக் குழப்புவது இதுதான் என்பது என் கணிப்பு. உங்கள் 350 சிசி வண்டி 190 கிலோ சுமாருக்கு இருக்கும். 450 சிசி மோட்டோகிராஸ் பைக் ஏறக்குறைய 110 கிலோதான். அதன் மேல் 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அவர். அவர் ஒரு சாண் முன்னே பின்னே நகர்ந்தாலும் வண்டியின் குணம் மாறிவிடும். ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீங்கள் வண்டியோடு ஒரே கோட்டில் சாய்கிறீர்கள். தார் ரோட்டில் டயருக்குப் பிடி உண்டு, அதனால் அது சரி. மண்ணில் அப்படிச் சாய்ந்தால் டயர் வெளியே வழுக்கி, ஆளும் வண்டியும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். மோட்டோகிராஸ் ஓட்டுபவர் வண்டியை மட்டும் கீழே தள்ளுவார். தன் உடம்பைக் கூடியவரை நிமிர்த்தி, டயர் மண்ணைத் தொடுகிற இடத்துக்கு நேர் மேலே வைத்துக்கொள்வார். வெளிப்பக்கக் கால்மிதியில் பாரம், வெளிப்பக்க முழங்கை மேலே, உள்பக்கக் கால் முன்னால் நீட்டியபடி. கேமில் இதன் பொருள்: இடது ஸ்டிக்கை வளைவுக்குள் தள்ளும் வேகத்தில் வலது ஸ்டிக்கையும் அதே பக்கம் தள்ளாதீர்கள்.

மலை இறங்கும்போது த்ராட்டிலை மூடி இன்ஜின் பிடிப்பிலேயே வருவது நல்ல பழக்கம். மண் டிராக்கில் அதையே செய்தால் வளைவின் நடுவில் வண்டி சும்மா உருளும், முன்சக்கரம் நழுவும். பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் உடம்பை முன்னால் கொண்டுவந்து முன்சக்கரத்துக்கு எடை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக த்ராட்டில். பிரேக்கும் இல்லாமல் த்ராட்டிலும் இல்லாமல் கடக்கிற தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்றேன். அதற்கு உங்கள் கேம்பேட் ஒத்துழைக்க வேண்டும். அலமாரியில் கிடக்கிற பழைய யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் என்றால் அதன் ட்ரிக்கர் வெறும் பட்டனாக இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் கேம் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ட்ரிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். திரையில் அளவு மெதுவாக நகர்ந்தால் சரி. ஒரேயடியாகத் தாவினால் அந்தப் பேடை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம், எக்ஸ்பாக்ஸ் வகைப் பேட் ஒன்று வாங்குங்கள். ஹேண்டில்பாருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு துளிதான் ஆகும். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அது காந்தத்தில் இயங்குவதால் உரசித் தேய்ந்து, தொடாமலே நகர்கிற தொல்லை குறைவு. ஸ்டிக்கை அசைத்தும் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதிக்கு டெட்ஸோன் என்று பெயர், அதைக் கூடியவரை குறைத்து வையுங்கள்.

இனி தாவல். புதிதாக வருகிறவர்கள் விழுகிற இடமும், ஆட்டத்தின் முழு ருசியும் இங்கேதான். மேட்டின் உச்சியில் பயந்து த்ராட்டிலை விட்டால் முன்சக்கரம் கீழே குத்தும். ஏறுகிற முகம் முழுக்க த்ராட்டிலை ஒரே அளவில் பிடித்திருங்கள். காற்றில் இருக்கும்போதும் வண்டி உங்கள் கையில்தான் இருக்கிறது. பின்சக்கரம் முன்னோக்கிச் சுழன்றுகொண்டிருக்கிறது. த்ராட்டில் கொடுத்தால் அந்தச் சுழற்சி கூடும், அதற்கு எதிர்த்திசையில் வண்டியின் உடல் திரும்பும், மூக்கு எழும்பும். பின்பிரேக்கை அழுத்தினால் சுழற்சி நிற்கும், அந்த வேகம் வண்டியின் உடலுக்கு மாறும், மூக்கு தாழும். இது கேமின் தந்திரம் அல்ல. நிஜப் பந்தயத்தில் காற்றில் இன்ஜின் அலறுவது கேட்கிறதே, அது பல நேரங்களில் மூக்கைத் தூக்குகிற முயற்சி. பின்பிரேக்கைக் காற்றில் அழுத்தும்போது கிளட்சையும் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் அணைந்துவிடும். ஆகவே இப்போதைக்குக் கிளட்சையும் கியரையும் ஆட்டோவில் விடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இதைப் பழக டேபிள்டாப் தாவல் உள்ள டிராக்காகத் தேர்ந்தெடுங்கள். அதில் நடுப்பகுதி நிரம்பியிருக்கும், தூரம் குறைந்தாலும் சமதளத்தில் இறங்கிவிடலாம். டபுள், ட்ரிபிள் என்றால் இரண்டு, மூன்று மேடுகள், இடையில் பள்ளம். சூப்பர்கிராஸ் ஸ்டேடியம் டிராக்குகளில் அவை வரிசையாக வரும், அந்தப் பக்கம் இப்போது போகவே வேண்டாம். வண்டியில் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்கள். 450 உங்கள் த்ராட்டில் தவறை மன்னிக்காது. 125 டூ ஸ்ட்ரோக் கேட்க இனிமை, ஆனால் மேல் ஆர்பிஎம்மில்தான் இழுக்கும், கிளட்ச் கை வந்த பிறகு பார்க்கலாம். சஸ்பென்ஷன் செட்டிங்கைத் தொடாதீர்கள். விழுவது நீங்கள், ஸ்பிரிங் இல்லை. கேமரா பின்னாலிருந்து பார்க்கிற கோணத்தில் இருக்கட்டும். வண்டி எவ்வளவு சாய்கிறது, ஆள் எவ்வளவு சாய்கிறார் என்ற வித்தியாசம் அதில்தான் கண்ணுக்குத் தெரியும்.

முழுநீளப் பந்தயத்துக்கும் உடனே போகாதீர்கள். உலகச் சாம்பியன்ஷிப் மோட்டோகிராஸில் ஒரு பந்தயமே 30 நிமிடமும் அதற்குமேல் 2 சுற்றும். கட்டைவிரல் அதற்குத் தயாராக வேண்டும். அரை மணி ஓட்டிவிட்டு எழுந்து ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வருவது, மூன்று மணி நேரம் எரிச்சலோடு ஓட்டுவதைவிட மேல். எம்எக்ஸ் பைக்ஸில் ஓட ஓட மண் குழியும், அதனால் பத்தாவது சுற்றில் டிராக் வேறு முகம் காட்டும். முதல் சுற்றில் வந்த வளைவு இப்போது வரவில்லை என்று குழம்ப வேண்டாம்.

கேமையே மாற்றலாமா என்றால், லேப்டாப் திணறினால் மட்டும் எம்எக்ஸ் சிமுலேட்டரைப் பாருங்கள். தோற்றம் பழையது, ஓட்டம் கறாரானது, சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடும், இலவச டெமோ உண்டு. பையனோடு சிரித்து விளையாட எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி லெஜெண்ட்ஸ் (2022) போதும். சிமுலேட்டரையும் இதையும் ஒரே வாரத்தில் ஆடினால் கை மறுபடி குழம்பும். திணறலுக்குக் காரணம் பல சமயம் லேப்டாப்பின் பலவீனம் அல்ல. சார்ஜர் மாட்டாமல் ஆடுவது, இரண்டு கிராபிக்ஸ் சிப்பில் சின்னதில் கேம் ஓடுவது, சித்திரை வெயிலில் மெத்தை மேல் லேப்டாப்பை வைப்பது, இந்த மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். நிழல், கூட்டம் போன்ற அலங்காரங்களைக் குறைத்தால் ஃபிரேம் ரேட் சீராக நிற்கும்.

மேட்னஸ் 2 டிஸ்க்கை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து சேஃப்டிஸ்க் என்கிற நகல் தடுப்பை விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது, அதனால் டிஸ்க் நேரடியாக ஓடாது. யாரோ ஏற்றிவைத்த கோப்பை இறக்கி ஓட்டுவது பையனின் லேப்டாப்புக்கு ஆபத்து.

கேமில் கை வந்ததும் சேர்வராயன் மலைப் பக்கம் மண் பாதை தேடத் தோன்றும். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டி விடுவது குற்றம், 350 சிசி வண்டி தாவுவதற்குச் செய்ததும் இல்லை. ஆன்லைன் பந்தயத்துக்குப் போவதென்றால் வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுங்கள், பிங் (சர்வர் பதில் தர ஆகும் நேரம்) குறைவாகக் காட்டும் சர்வரைத் தேர்ந்தெடுங்கள், முதல் சில பந்தயங்களில் தொடக்கக் கோட்டில் வண்டிகளை மறிக்கிற கேட் விழுந்ததும் ஒரு நொடி தாமதித்தே கிளம்புங்கள். முதல் வளைவில் எல்லோரும் மோதி விழுந்திருப்பார்கள், ஓரமாகக் கடந்துவிடலாம்.